காணி உறுதி கடைசியாகட்டும்

சுன்னாகம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லக்கூடிய தூரம்தான். ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா தேத்தண்ணியைத் தந்து கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவா. அப்பா வாயே திறக்கமாட்டார். கடிதமென்றால் நீ ஆறுதலாக இருந்து வாசிப்பாய். விளங்காத இடத்தைத் திரும்பவும் வாசிப்பாய்.

உன் உயர்தரப் பெறுபேறு நல்ல பெறுபேறு. உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. மருத்துவ பீடத்துக்கான யாழ் மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியை எட்டவில்லை, அவ்வளவுதான். அந்தக் கவலை ஆறமுன்னரே வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவர் வந்து போனதாகவும், அம்மா தன் சீதனக் காணியின் உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருப்பதாகவும் அறிந்தேன். நீ டொக்டராகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. படிப்புக்கான காசு எந்த வரிசையில் இறங்கவேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். முதலில் அரசாங்கம் தருவது. அடுத்தது, படிக்கும்போதே கொடுப்பனவு தரும் பயிற்சி. அதன் பிறகு வட்டியில்லாக் கடன். அதற்கும் பிறகு உறவினரின் உதவி. நகையும் காணியும் கடைசி. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதை வங்கியில் கடன் பகுதியில் இருந்த காலம் முழுக்கக் கண்டவன் நான்.

தலைகீழாகப் பிடிப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. உன் பூட்டன் காலத்தில் இங்கிலிஷ் பள்ளிக்கூடங்களுக்குச் சம்பளம் கட்டவேண்டும். புகையிலை விற்ற காசும், மலாயாவில் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய மணியோடரும் போதாதபோது காணியை ஈடு வைத்தார்கள். அதில் பிழை இல்லை. படித்து முடித்தவனுக்கு அரசாங்க உத்தியோகமும் பென்சனும் ஏறக்குறைய நிச்சயமாக இருந்த காலம் அது. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து பள்ளிச் சம்பளம் நின்றது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. உத்தியோகத்தின் நிச்சயமும் மெல்ல மெல்லப் போனது. கணக்கின் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் மாறிவிட்டன. ஈடு வைக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே முதலில் காசு கேட்காத இடங்களைப் பார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை ஒரு பக்கமும் விடாமல் வாசி. நாடு முழுவதும் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. உன் பிரிவுப் பாடநெறிகளில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. மாவட்டப் பங்குக்கு நீ போட்டி போடுவது பெரும்பாலும் ரியூசனில் உன் பக்கத்து வாங்கில் இருந்தவளோடுதான்.

மருத்துவத்துக்குப் போதாத புள்ளி வேறு எதற்கும் போதாது என்று நினைக்காதே. யாழ் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று பட்டங்கள் உண்டு. சித்த மருத்துவம் கைதடியில், விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். விண்ணப்பத்தில் மருத்துவத்தை மேலே போடு; கீழே மற்றவற்றையும் உன் விருப்ப ஒழுங்கில் போடு. கீழே போடும் தெரிவு மேலே உள்ளதைக் கெடுக்காது. இடம் கிடைத்தால் 1981 இலிருந்து கொடுத்துவரும் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் முழுவதும் காணாதுதான். ஆனாலும் அது திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத காசு.

அடுத்தது, படிக்கும்போதே கொடுப்பனவு தரும் இடங்கள். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அறிவித்துத் தாதிய மாணவர்களைச் சேர்க்கிறது. மூன்று வருட டிப்ளோமா. யாழ்ப்பாணத்திலேயே தாதியர் கல்லூரி உண்டு. பயிற்சிக் காலம் முழுக்கக் கொடுப்பனவு. வேலைக்குச் சேர்ந்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டமும் எடுக்கலாம். மருந்தாளருக்கும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கும் இதேபோல வர்த்தமானி அறிவித்தல் வந்ததுண்டு. படிப்பிக்க விருப்பமென்றால் கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி, பிறகு ஆசிரிய நியமனம். அதற்குத் தெரிவு பிரதேச செயலகப் பிரிவு வாரியாக நடக்கிறது. நீ உடுவில் பிரிவு. இந்த அறிவித்தல்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்ப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொள்.

தம்பியின் பெயரையும் இந்தக் கணக்கில் எழுது. சாதாரண தரம் முடித்த பெடியனுக்கு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதில்தான் ஆசை என்று அப்பாவே என்னிடம் சொன்னார். அவனை வற்புறுத்திக் கணிதப் பிரிவில் இருத்தாதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வாகனம், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் எல்லாம் படிப்பிக்கிறார்கள். பட்டறையில் வேலை செய்துகொண்டே பழகுவதென்றால் நைட்டா என்ற அரச நிறுவனத்தின் பயிலுநர் திட்டம் உண்டு. இவை எல்லாம் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையின் கீழ் வருகின்றன. மூன்றாம், நான்காம் மட்டம் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். அதாவது இன்று ஸ்பனர் பிடிக்கிறவன் நாளைக்குப் பட்டதாரியாவதற்கும் வழி இருக்கிறது. உயர்தரம் சித்தியடைந்தால் குருநகர் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு. தனியார் நிலையம் எதிலாவது காசு கட்டுவதென்றால், அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, அந்தப் பாடநெறிக்கு எந்த மட்டம் என்று கேட்டு இலக்கத்தை எழுதி வாங்கிய பிறகு கட்டுங்கள்.

இரண்டாம் தரம் எழுதப் போகிறேன் என்றால் எழுது. முதல் தரப் பெறுபேற்றை வைத்து விண்ணப்பங்களைப் போட்டுவிட்டு எழுது. எழுதுமுன் புள்ளி எந்தப் பாடத்தில் போனது என்று பார். ஒரு பாடத்தில் போயிருந்தால் அந்த ஒன்றுக்கு நல்ல வகுப்புப் போதும். மூன்றுக்கும் மறுபடியும் ரியூசன் காசு கட்டாதே. மூன்று தரம் எழுதலாம் என்று விதி சொல்கிறது. மூன்று தரமும் எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. மூன்றாம் தரத்தை நீ எழுதி முடிக்கும் நேரத்தில் உன்னோடு படித்தவள் வேறொரு படிப்பைத் தொடங்கியிருப்பாள். ரியூசன் காசை எங்கேயாவது மாறிக் கொடுக்கலாம். போன வயதை எந்த வங்கியும் கடனாகத் தராது.

எது கிடைத்தாலும் சோதனைக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடுகிறது. எங்கள் பிள்ளைகள் அந்த வருடத்தைக் காத்திருப்பில் கழிக்கிறார்கள். அதில் ஆங்கிலம் படி, சிங்களமும் படி. கொழும்பு ஆஸ்பத்திரியிலோ அனுராதபுரத்திலோ வேலை கிடைத்தால் நோயாளியோடு என்ன மொழியில் கதைப்பாய்? பெரிய செலவில்லாமல் வரும் தகுதிகளில் இந்த இரண்டுக்கும் ஈடு இல்லை.

இனிக் கடனுக்கு வருகிறேன். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் 2017 இல் தொடங்கியது. அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள் அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் குறித்த பட்டங்களைப் படிப்பதற்கானது அது. வட்டியை அரசாங்கம் கட்டும். படிப்பு முடிந்த பிறகே நீ முதலைத் திருப்பத் தொடங்குவாய். அறிவித்தல் வரும்போது உனக்குப் பொருந்தும் பாடநெறி இருக்கிறதா என்று பார். கடன் என்று ஒன்று எடுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் விசாரிக்கவேண்டியது இதைத்தான்.

நகை அடைவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அடைவுக் கடன் வழக்கமாக ஒரு வருடக் கடன். படிப்போ நாலைந்து வருடம். முதல் வருடம் அடைவு வைத்த நகையை இரண்டாம் வருடம் வட்டி கட்டிப் புதுப்பித்து, மூன்றாம் வருடம் புதுப்பிக்கவும் காசில்லாமல் ஏலத்துக்கு விட்ட குடும்பங்கள் உண்டு. அடுத்த மாதம் சீட்டு விழும், அதுவரைக்கும் காசு வேண்டுமென்றால் அடைவு வைக்கலாம். முழுப் படிப்பையும் அதன்மேல் ஏற்றக்கூடாது.

காணியின் கணக்கைப் பார். 50 இலட்சம் ரூபாவை 14 சதவீத வட்டிக்குப் பத்து வருடத்துக்கு எடுப்பதாக வை. மாதத் தவணை ஏறத்தாழ 77,600 ரூபா. பத்து வருடத்தில் கட்டி முடிப்பது 93 இலட்சத்துக்கு மேல். அப்பாவின் சம்பளத்தில் இது எங்கிருந்து வரும்? நீ படிக்கும் வருடங்களில் உனக்கு உழைப்பு இல்லை. தவணை மட்டும் முதல் மாதமே தொடங்கிவிடும். அதோடு, அது அம்மாவின் சீதனக் காணி. தேசவழமைப்படி அப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அம்மாவால் அதை ஈடு வைக்க முடியாது. ஆகவே அப்பா பேசாமல் இருந்து தப்பமுடியாது என்பதை நான் சொன்னதாக அவரிடம் சொல். அந்தக் காணியில்தான் நீங்கள் குடியிருக்கும் வீடும் நிற்கிறது.

வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு இன்னும் இரண்டு பாரம் உண்டு. ஒன்று, கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. அதே 10,000 டொலருக்கு 20 இலட்சம் தேடியவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் 35 இலட்சம் தேடவேண்டி வந்தது. படிப்பின் நடுவில் நிற்கிற பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. மற்றது, பட்டத்தோடு வந்தாலும் இங்கே உடனே வேலை பார்க்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஈ.ஆர்.பி.எம். சோதனையில் சித்தியடைய வேண்டும். பிறகுதான் உள்ளகப் பயிற்சி. சபையின் ஏற்பு, சோதனை இரண்டையும் பற்றி முகவரிடம் கேள். அவர் சிரித்துக்கொண்டு "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. கல்லூரியின் பெயரை எழுதி வாங்கி, மருத்துவ சபையிடம் நீயே நேரடியாக விசாரி. அதுவரை முற்பணம் என்று ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. "படிப்புக்கு உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் அவருக்கு எவ்வளவென்று தெரியாது, உனக்கு எதுவரையென்று தெரியாது. ஒரு வருடத்து விடுதிச் செலவு இவ்வளவு, அதில் இவ்வளவு குறைகிறது என்று கணக்கோடு கேள். வருட முடிவில் பெறுபேற்றை அவருக்கு அனுப்பு. அங்கே அவரும் வீட்டுக் கடன் கட்டுகிறவர்தான். உன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்திலும் விசாரி. எங்கள் பாடசாலைகள் பலவற்றின் சங்கங்களுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் உண்டு, கம்பஸ் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவுகிற சங்கங்களும் இருக்கின்றன.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. உனக்குச் சீதனத்துக்கென்று அவ வங்கியில் போட்டிருக்கும் நிலையான வைப்பை நான் அறிவேன். 2022 கடைசியில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி வந்த வைப்பு அது. இன்று அந்த வட்டி இல்லை. கடன் எடுக்குமுன் அதில் ஒரு பங்கை உன் படிப்புக்கு எடுக்கலாம். அவ சம்மதிக்கத் தயங்குவா, நான் கதைக்கிறேன். உழைக்கிற பிள்ளைக்குச் சீதனம் பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள்.

இப்போது செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒரு கொப்பி எடு. அடுத்த ஐந்து வருடத்தையும் வருடத்துக்கு ஒரு பக்கமாகப் பிரி. ஒவ்வொரு பக்கத்திலும் உனக்கும் தம்பிக்கும் அந்த வருடம் என்ன செலவு, அது எங்கிருந்து வருகிறது என்று எழுது. மருத்துவம் கிடைத்தால் ஒரு கணக்கு, தாதியியல் கிடைத்தால் ஒரு கணக்கு, கோப்பாய் என்றால் ஒரு கணக்கு. வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் என்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கு. எழுதிக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வா. கூட்டல் கழித்தலை நான் சரிபார்த்துத் தருகிறேன். அதற்குப் பிறகும் வெளிநாட்டு மருத்துவந்தான் என்று உன் கணக்குச் சொன்னால், வங்கியில் எப்படிக் கேட்பது, எந்தக் கடதாசியில் கையெழுத்து வைப்பது என்பதையும் நானே கூட வந்து சொல்லித் தருவேன். முடிவு உன்னுடையது, பிள்ளை.

அன்புடன்,
மாமா