கணிப்பொறியைக் கூட்டிப் பெருக்கிய கதை

வீட்டைப் பெருக்கும்போது எதை எறிவது, எதை எடுத்து வைப்பது என்பது அம்மாவுக்குத் தெரியும். கணிப்பொறியைப் பெருக்கப் புகுந்த எனக்கு அது தெரியவில்லை. சென்ற ஆண்டு எங்கள் துறை ஆய்வகத்தில் நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

மூலையில் இருந்த கணிப்பொறி ஆமையாய் ஊர்ந்தது. 'ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் பறக்கும்' என்று விளம்பரம் செய்த இலவச மென்பொருள் ஒன்றை, எவரையும் கேளாமல் நிறுவினேன். ஐந்தே நிமிடத்தில் 800க்கும் மேற்பட்ட 'பிழை'களைச் சிவப்பு எழுத்தில் காட்டிற்று. அனைத்தையும் நீக்கச் சொன்னேன். வேகம் இம்மியும் கூடவில்லை. மறுநாள் முதுகலை அக்கா ஒருவர் தம் கணக்கீட்டைத் தொடர வந்தபோது, புள்ளியியல் மென்பொருள் திறக்க மறுத்து உரிமத்தைக் கேட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க 9 நாள்களே இருந்தன!

ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதில் நிறுவப்படும் மென்பொருள்களும் தத்தம் அமைப்புக் குறிப்புகளை எழுதி வைக்கும் பொதுப் பதிவேடு. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் சிறிய அளவில் தோன்றி, விண்டோஸ் 95இல் விரிவடைந்தது. ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய குறிப்பை நேரே சென்று எடுத்துக்கொள்கிறதேயன்றி, ஏட்டை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. ஆகவே சில நூறு குறிப்புகளைக் கிழித்தெறிவதால் வேகம் கூட வழியில்லை. மிச்சமாகும் இடமோ ஒரு புகைப்படத்துக்குக்கூடக் காணாது.

அப்படியாயின் அம்மென்பொருள் எதைப் பிழை என்றது? ஒரு குறிப்பு சுட்டும் கோப்பு அந்த நேரத்தில் காணப்படவில்லையெனில் அதைச் செத்த குறிப்பு என்று தீர்மானித்துவிடுகிறது. எங்கள் உரிமக் கோப்பு ஒரு வெளிவட்டில் இருந்தது. அன்று அவ்வட்டைப் பேராசிரியர் வகுப்புக்கு எடுத்துச் சென்றிருந்தார். வெளியூர் போனவனை இறந்தவன் என்று குடும்ப அட்டையில் அடித்துவிட்டது போலாயிற்று. இத்தகைய மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

ஆய்வகத்து அண்ணன்தான் காப்பாற்றினார். முந்தைய வாரம் விண்டோஸ் புதுப்பிப்பின்போது எழுதப்பட்ட மீட்புப் புள்ளி ஒன்று இருந்தது. அதற்குத் திரும்பியதும் குறிப்புகள் மீண்டன. அது இல்லாதிருந்தால்? முன்பெல்லாம் விண்டோஸ் தானே ரிஜிஸ்ட்ரிக்கு நகல் எடுத்து 'ரெக்பேக்' அடைவில் வைக்கும். 2018இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1803ஆம் பதிப்பு முதல் அவ்வழக்கம் நின்றுவிட்டது. எனவே ரிஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் மீட்புப் புள்ளி ஒன்றை நாமே உருவாக்குதல் வேண்டும். மாற்றப்போகும் பகுதியை 'ரெஜ்எடிட்' வழியாக ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வைத்தலும் வேண்டும்.

வட்டில் இடம் வேண்டுவோர் அமைப்புக் கோப்புகளைக் கையால் அழிக்கலாகாது. பலருக்கும் கண்ணை உறுத்துவது 'வின்எஸ்எக்ஸ்எஸ்' அடைவு. அது பல கிகாபைட் காட்டும். ஆனால் ஒரே கோப்பு இரண்டு இடங்களில் பெயர் பெற்றிருப்பதால் உண்மை அளவு அதனினும் குறைவு. அதை அழித்தால் விண்டோஸ் எழாமலே போகலாம். 'டிஸ்க் கிளீனப்' கருவியில் அமைப்புக் கோப்புகளுக்கான பொத்தானை அழுத்தினால், பழைய புதுப்பிப்புகளில் எவை தேவையற்றவை என்பதை விண்டோஸே அறிந்து நீக்கும். 'டிஸ்ம்' கட்டளையும் அப்பணியைச் செய்யும். அதனுடன் 'ரீசெட்பேஸ்' சேர்த்தால் மட்டும், ஏற்கெனவே நிறுவிய புதுப்பிப்புகளைப் பின்னர் விலக்க இயலாது.

எங்கள் கணிப்பொறியின் நோய் வேறாக இருந்தது. அதைத் தொடங்கும்போதே 14 மென்பொருள்கள் தாமாக எழுந்துகொண்டிருந்தன. 'டாஸ்க் மேனேஜர்' வழியாக அண்ணன் அவற்றுள் 11ஐ நிறுத்தினார். ஊர்ந்தது நடக்கத் தொடங்கியது. அக்காவும் குறித்த நாளில் ஆய்வேட்டை ஒப்படைத்தார். அதன் நன்றியுரையில் அண்ணன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.