ஃபோர் வீலில் திரும்பும்போது ஜீப்பின் முன்புறம் எழும் சப்தம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் தார்ச்சாலையை விட்டு, ஓமந்தூர்ப் பக்கத்து வயல்வெளிகளுக்குள் இறங்கும் வண்டிப்பாதைகளில், மழைக்காலத்தில் பழைய ஜீப் ஓட்டுகிறவர்கள் ஃபோர் வீல் போடாமல் சேற்றைக் கடப்பது கஷ்டம். போட்ட லீவரை எடுக்காமலே திரும்புகையில் முன் ஆக்சிலிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரு சப்தம் எழுந்தால், உடனே பட்டறைக்குப் போய் ஆக்சில் முழுவதையும் பிரிக்கச் சொல்வது பலருடைய வழக்கமாயிருக்கிறது. அது பெரும்பாலும் அநாவசியமான செலவு என்பது என் திடமான அபிப்பிராயம். ஸ்பானரைத் தொடுவதற்கு முன் காதையும் கையையும் ஒழுங்கான வரிசையில் உபயோகித்தால், கோளாறு எங்கே இருக்கிறது, கோளாறு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1947–49 ஆண்டுகளை ஒட்டித்தான் மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை இணைத்து விற்கத் தொடங்கினார்கள். அந்த வம்சத்து வண்டிகளில் ஃபோர் வீல் போட்டவுடன் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன; இவ்விரண்டிற்கும் நடுவே வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும் டிஃபரென்ஷியல் கிடையாது. ஆகையால் முதற் பரீட்சை தரையைப் பற்றியது. வில்லிஸ் ஜீப்பின் இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 80 அங்குலம் இருக்கிறது; பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 15 அடி ஆரத்தில் ஒரு முழு வட்டம் போட்டால், முன் ஆக்சிலின் நடுப்புள்ளி ஏறக்குறைய 9 அடி அதிகமாக ஓடவேண்டும். ஈர மண்ணில் டயர் சற்றே வழுக்கி அந்த 9 அடியைச் சரிக்கட்டிக்கொள்கிறது. தாரில் வழுக்க இடமில்லாமையால், முறுக்கு பற்சக்கரங்களிலும் ஷாஃப்டுகளிலும் ஏறிக்கொண்டே போய், வண்டி உதறி, டயர் சட்டென்று துள்ளும்போது சப்தமாக வெளிப்படுகிறது. தாரில் மட்டும் கேட்டு, ஏரிக்கரை மண்ணில் அதே வளைவில் கேட்காமற் போனால் எதையும் பிரிக்க வேண்டாம். தாரில் ஃபோர் வீல் போடாதிருப்பதே பரிகாரம். நான்கு டயர்களும் ஒரே அளவா, காற்று சமமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு மாறினால் நேர்ப்பாதையிலும் இந்த முறுக்கு ஏறும்.

மண்ணிலும் சப்தம் தொடர்ந்தால், லீவரை டூ வீலுக்கு மாற்றி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, நடக்கும் வேகத்தில் இருபக்கமும் வட்டம் போடுங்கள். முன் ஹப்புகள் பூட்டியிருக்கும்வரை சக்கரத்தோடு உள் ஷாஃப்டும், அதை வெளி ஷாஃப்டோடு பிணைக்கும் மடங்கு மூட்டாகிய கிராஸும் சுமையில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஃப்ரீ வீல் ஹப் பொருத்திய வண்டியானால், அதைத் திறந்துவிட்டு மறுபடியும் வட்டம் போடுங்கள். இப்போது உள் ஷாஃப்ட் ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகும் சப்தம் நிற்கவில்லையென்றால் சக்கர பேரிங், பிரேக், கிங் பின் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஹப்பைத் திறந்ததும் நின்றுவிட்டால் கிராஸே பிரதானக் குற்றவாளி. ஃபோர் வீலில், மண்ணில், நேராகப் போகும்போதும் இழுவையில் சப்தம் இருந்தால், அது கிரவுன் பினியனையோ, புரொப்பல்லர் ஷாஃப்டையோ, முழுவதும் பூட்டிக்கொள்ளாத ஹப்பையோ காட்டுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. கிராஸ் வைத்த ஷாஃப்ட் 30 பாகை மடங்கியிருக்கையில், உள் ஷாஃப்ட் சீராகச் சுழன்றாலும், வெளி ஷாஃப்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறக்குறைய 15 சதவீதம் கூடி, 13 சதவீதம் குறைகிறது. ஆகவே நல்ல கிராஸ் இருந்தாலும் ஸ்டியரிங்கில் ஒரு மென்மையான துடிப்பு தெரியத்தான் செய்யும், அது சுபாவம். உலோகத்தில் உலோகம் மோதும் கூரிய ஓசைதான் தேய்மானத்தின் லட்சணம். உருண்டைகள் வைத்த சி.வி. ஜாயிண்ட் உள்ள வண்டிகளில் அந்தத் துடிப்பே இராது; அங்கே கிழிந்த ரப்பர் பூட்டும், வீல் உட்புறத்தில் தெறித்த கிரீஸும் முதலில் கண்ணிற் படும்.

பிறகு சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, லீவரை டூ வீலில் வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். தூக்கிய நிலையில் என்ஜினை ஓட்டி ஃபோர் வீல் போட்டுப் பார்ப்பது பிராணாபத்து. பின் சக்கரங்கள் தரையில் இருப்பதால் வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாய்ந்துவிடும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள்: ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங், மறையாவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுவது டை ராடு எண்டாயிருக்கும். கடைசியாக ஹப்புகளைப் பூட்டி, ஸ்டியரிங்கை ஒடித்து, சக்கரத்தைக் கையால் சாவதானமாகச் சுற்றுங்கள். தேய்ந்த கிராஸ் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் ‘டக்’கென்று விடுவது உள்ளங்கைக்குத் தெரியும். சக்கரம் திரும்பும் முட்டாகிய நக்கிள் திறந்திருக்கும் ஆக்சிலில் கிராஸ் கப்பின் விளிம்பில் செம்பழுப்புத் துருப்பொடி ஒட்டியிருந்தால் உள்ளேயுள்ள ஊசி பேரிங்குகள் கிரீஸின்றி வறண்டுவிட்டன. மூடிய நக்கிளாயிருந்தால் அடைப்பைக் கழற்றி கிரீஸைப் பாருங்கள். சேற்றில் இறங்கிய வண்டியில் அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் சீலும் போய்விட்டது.

கிராஸை மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுவதும், சீலையும் கையோடு மாற்றுவதும் சிக்கனம். முறுக்கேறி ஃபோர் வீல் லீவர் இறுகிக்கொண்டால் அதைச் சுத்தியால் தட்டவேண்டாம். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால், முறுக்கு அவிழ்ந்து தானே கழன்றுகொள்ளும்.