முட்டுக்காட்டுக்கு நேரில் போய் வா

செங்கல்பட்டு

அன்புள்ள தேன்மொழிக்கு மாமா எழுதுவது.  

போன வாரம் மாமல்லபுரம் போயிருந்தபோது உங்கம்மா விஷயத்தைச் சொன்னாள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) நீ செய்த சைகை மொழிபெயர்ப்பாளர் பதிவைப் புதுப்பிக்கும் கெடு நெருங்குகிறதாம், அதற்கு வேண்டிய பயிற்சிப் புள்ளி பாதிகூடச் சேரவில்லையாம், பேசாமல் விட்டுவிடலாமா என்று நீ யோசிக்கிறாயாம். காது கேளாத அவள் சைகையில் சொல்லும்போது கை ஓடிய வேகத்தில் எனக்கே பிடிபடாமல், இரண்டு தடவை நிறுத்திக் கேட்டேன். பிறந்ததிலிருந்து அவள் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். எவ்வளவு கலங்கியிருக்கிறாள் என்று நீயே தெரிந்துகொள்.

புதுப்பிப்பதும் விடுவதும் உன் இஷ்டம்தான். படிப்பு உன்னுடையது, வேலை உன்னுடையது. சிறுசேரி கம்பெனியில் யாரும் பதிவு எண் கேட்பதில்லை, சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது என்கிறாய். சந்தோஷம். ஆனால் கம்பெனிக் கூட்டத்தில் மொழிபெயர்த்துவிட்டு வருவதற்காகவா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இரண்டு வருஷம் கிடந்து டிப்ளமோ முடித்தாய்?

ஐந்து வருஷத்துக்கு நூறு புள்ளி. வருஷத்துக்கு இருபது என்று வைத்துக்கொண்டால் பெரிய சுமை இல்லை. ஆன்லைன் வகுப்பைப் போனில் ஓடவிட்டு, சமையலைப் பார்த்துக்கொண்டே புள்ளி சேர்த்துவிடலாம் என்று உன் தோழி யோசனை சொன்னாளாமே, அது மட்டும் வேண்டாம் கண்ணு. அப்படிச் சேர்ப்பதற்குச் சேர்க்காமலே இருக்கலாம்.

ஆஸ்பத்திரி விஷயம் உனக்குத் தெரியும். ஆனால் நீ அப்போது எல்.கே.ஜி., உனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டி சொன்னது. நான் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். சைகை தெரிந்தவர் என்று அங்கே ஒருவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கம்மா வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து, முதுகு வழியாகத் தோள்பட்டை வரைக்கும் கோடு இழுத்துக் காட்டினாளாம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ராத்திரிகளில்தான் வருகிறது என்றாளாம். முன்னே ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனது, அதை மட்டும் போடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னாளாம். இவ்வளவுக்கும் சேர்த்து அந்த மனிதர் டாக்டரிடம் சொன்னது ஒரே வரி: "வயிறு வலிக்குதாம் சார்." அவர் வாயசைவைப் பார்த்தே உங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது, தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று. அதே ஊசியைத்தான் போட்டார்கள். ராத்திரி முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். கண் மூடிக்கிடந்தால் அவளுக்குப் பேச்சும் இல்லை, கேட்பதும் இல்லை. விடியும்வரை உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் ஆறவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்றோ கற்றதோடு நின்றுபோனவர். உடம்பைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் அவர் கற்றிருந்தது கொஞ்சம்தான். பிடிபடாததையெல்லாம் தள்ளிவிட்டு, பிடிபட்ட ஒன்றைச் சொல்லிவிட்டார். கற்பதை நிறுத்துகிற யாரும் கடைசியில் சுருக்கத்தான் செய்வார்கள் என்பது என் எண்ணம். அதை மாற்றிக்கொள்ளும் வயது எனக்கு இல்லை.

கோர்ட்டில் என் சர்வீஸ் முழுக்க, சாட்சி சொல்வது இப்படிச் சுருங்கிப்போகுமோ என்ற பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். 2013-இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தினார்கள். பேச முடியாத ஒருவர் சாட்சி சொன்னால் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியர் உதவியோடு பதிவு செய்ய வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும். போக்சோ வழக்கில் குழந்தைக்கும் அந்த உதவி உண்டு. நாளைக்கு ஒரு பெண் குழந்தை கூண்டில் நின்று தனக்கு நடந்ததைக் கையால் சொல்லும்போது பக்கத்தில் நீ நிற்பாய் என்று வைத்துக்கொள். எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைத்தான் முதலில் கேட்பார்: என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு நடப்பில் இருக்கிறதா? அங்கே நீ தடுமாறினால் சந்தேகம் அந்தக் குழந்தையின் வார்த்தைமேல் விழும். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானாரே, சவுரவ் ராய்சவுத்ரி மொழிபெயர்த்தாரே, அந்த வீடியோவை நீதான் எனக்கு அனுப்பினாய். 'மாமா, இதுதான் எனக்கு வேணும்' என்று எழுதியிருந்தாய். இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

மொழியும் வளர்ந்துகொண்டே போகிறது. டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி மையம் 2018-இல் அகராதி வெளியிட்டபோது 3,000 சொல். 2021-இல் 10,000. சட்டம், மருத்துவம், விவசாயம் எல்லாம் அதில் இருக்கிறது. உங்கம்மா கையில் இருப்பது வீட்டிலும் கடற்கரைக் கடைத்தெருவிலும் பழகிய சைகை, அதில் பாதி அந்த அகராதியில் இருக்காது. இரண்டும் தெரிந்தவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான்.

அதனால் பயிற்சிக்கு முட்டுக்காட்டு நிறுவனத்துக்கு நேரில் போ. 2005-இலிருந்து அந்த நிறுவனம் நம் கடலோரத்தில்தான் இருக்கிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய் ஈ.சி.ஆரில் திரும்பினால் வந்துவிடும். பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கான இடம். காதும் கேட்காமல் கண்ணும் தெரியாத பிள்ளைகளிடம் உள்ளங்கையில் தொட்டுத்தான் பேச வேண்டும். அது எப்படி என்று அங்கே போய் ஒருநாளாவது பார். போன் திரையில் அது வராது. சேரும் முன் ஆர்.சி.ஐ. அனுமதி பெற்ற பயிற்சிதானா, எத்தனை புள்ளி என்று கேட்டுக்கொள். அங்கே தேதி ஒத்துவராவிட்டால் வேறு ஊரில் நடப்பதற்குப் போ. சான்றிதழை அன்றன்றைக்கே ஃபைலில் வை, கடைசி நேரத்தில் தேடாதே.

ரொம்பப் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமை என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை, பார். கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்தபோது நீ டி.வி. செய்தியை முழுசாக உங்கம்மாவுக்குச் சொன்னாயே, அவள் நடுநடுவே கேள்வி கேட்டாளே, அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. பயிற்சிக் கட்டணத்தை நான் கட்டுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. பயிற்சி நாட்களில் குழந்தையை இங்கே விட்டுவிடு. அத்தை இப்போதே அவனுக்கு முறுக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடும் வாங்கியாயிற்று. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீ எந்த முடிவு எடுத்தாலும் மாமா உன் பக்கம்தான், எடுத்ததும் முதல் போன் எனக்குப் போடு.

உன் அன்பு மாமா