மரத்தின் இருப்புக் கணக்கு

டெல்லியில் சாலையோர மரம் ஒன்று கட்டுமானப் பணிக்காக வெட்டப்படுமானால், அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடவேண்டும் என்பது வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை. ஒன்றுக்குப் பத்து என்பது ஆதாயமாகவே தோன்றும். ஆயினும் மரங்களை எண்ணிக்கையால் மதிப்பிடுவதா, எடையால் மதிப்பிடுவதா என்பதைப் பொறுத்தே ஆதாயமும் இழப்பும் அமைகின்றன.

நீர் நீங்கிய மரத்தின் எடையே அதன் உயிர்த்திரள். மரத்தை வெட்டாமலே அதனை மதிப்பிட மூன்று அளவுகள் போதும். ஒரு வேப்பமரத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, விட்டம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து, 3.14 ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 188 செ.மீ. எனில் விட்டம் ஏறத்தாழ 60 செ.மீ.

இரண்டாவது, உயரம். சமதளத்தில் செங்குத்தாக நிறுத்திய ஒரு மீட்டர் கோலின் நிழல் 60 செ.மீ. நீளமும், அதே வேளையில் மரத்தின் நிழல் 9 மீட்டர் நீளமும் இருப்பின், மரத்தின் உயரம் 15 மீட்டர்.

மூன்றாவது, கட்டையின் அடர்த்தி. வேம்புக்கு இது கன செ.மீ.க்குச் சுமார் 0.7 கிராம்.

வெப்பமண்டல மரங்கள் 4,004ஐ ஆராய்ந்து 2014இல் ஷாவ் குழுவினர் வெளியிட்ட வாய்பாடு இது: அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கி, வரும் தொகையை 0.976 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆல் பெருக்க வேண்டும். நம் மரத்திற்கு விடை ஏறத்தாழ 1,975 கிலோ. வேர்கள் இதில் அடங்கா. இதில் ஏறக்குறைய 47 விழுக்காடு கார்பன். அதாவது சுமார் 930 கிலோ.

இனி, 5 செ.மீ. விட்டமும் 4 மீட்டர் உயரமும் உடைய கன்றுகள் பத்தினை இவ்வாறே கணக்கிட்டால், மொத்தம் சுமார் 43 கிலோ மட்டுமே. இழந்ததில் இது இரண்டு விழுக்காட்டிற்குச் சற்றே மிகுதி.

இவ்வாய்பாடு காட்டு மரங்களிலிருந்து பெறப்பட்டது. கிளை கழிக்கப்படும் நகர மரத்தின் எடை இதனினும் குறையலாம். ஆதலால் விடையை 0.8 ஆல் பெருக்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்போதும் 1,580 கிலோ எஞ்சும்.

கன்று நடுதல் புதிய சேமிப்பு. முதிர்ந்த மரம் பல்லாண்டுகள் சேர்ந்த முதல். புதிய கணக்கைத் தொடங்குவதற்காகப் பழைய முதலை அழிக்கலாமா என்பதை, நாடாவால் அளந்து பார்த்த பின்னரே முடிவு செய்தல் நன்று.