காய்ச்சல் போச்சு, மலேரியா போச்சா?

மலேரியா எப்படி வருதுன்னு யாரைக் கேட்டாலும் "கொசு கடிச்சா வரும்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். பயோ-மேத்ஸ் எடுத்தவர்களுக்குக் கூடவே ஒரு வட்டப் படமும் ஞாபகம் வரலாம். ஒரு பக்கம் மனிதன், ஒரு பக்கம் கொசு, சுற்றிலும் வாயில் நுழையாத பெயர்கள். பரீட்சை முடிந்த அன்றே மறந்திருப்போம்.

ஆனால் ஒரு கேள்வி. டாக்டர் 14 நாளைக்கு மாத்திரை எழுதித் தருகிறார். மூணாவது நாளே காய்ச்சல் விட்டுடுச்சு. மீதி மாத்திரையைப் போடணுமா, வேண்டாமா? இதற்கான பதில் அந்த வட்டப் படத்துக்குள்தான் இருக்கு. அதனால் மார்க்குக்காக இல்லாமல் இன்னொரு தடவை அதைப் பார்ப்போம்.

யார் இந்த ஆசாமி?

மலேரியாவை உண்டாக்குவது வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பிளாஸ்மோடியம் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. மனிதர்களைத் தாக்குவதில் முக்கியமாக ஐந்து வகை உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படுபவை இரண்டு: வைவாக்ஸ், ஃபால்சிபாரம். 1880ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர், நோயாளியின் ரத்தத்தில் இதை முதன்முதலில் பார்த்தார். அது ரத்தத்துக்குள் எப்படி வந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் கட்டம்: கல்லீரல்

பெண் அனாபிலஸ் கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு ஸ்போரோசோயிட் எனப்படும் நூல் போன்ற ஒட்டுண்ணிகள் நம் தோலுக்குள் இறங்குகின்றன. அவை ரத்தத்தில் தங்குவதில்லை. ரத்த ஓட்டத்தில் ஏறி, கொஞ்ச நேரத்திலேயே கல்லீரலுக்குப் போய்விடும். அங்கே ஒரு செல்லுக்குள் புகுந்து, ஒன்று பல ஆயிரமாகப் பெருகும். இதற்குச் சுமார் ஒரு வாரம் ஆகும்.

இந்த ஒரு வாரமும் நமக்கு எதுவுமே தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இந்தப் பாயிண்டை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

இரண்டாம் கட்டம்: ரத்தம்

கல்லீரல் செல் உடைந்ததும் மீரோசோயிட் என்ற அடுத்த வடிவம் ரத்தத்துக்குள் கொட்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரு சிவப்பணுவுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினைச் சாப்பிட்டு வளர்ந்து, பத்து இருபதாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வந்தவை புது அணுக்களுக்குள் போகும். வைவாக்ஸுக்கும் ஃபால்சிபாரத்துக்கும் இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 48 மணி நேரம்.

லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே சமயத்தில் உடையும்போதுதான் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி குளிரும், அப்புறம் காய்ச்சலும், கடைசியில் வியர்வையும் வரும். "ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல்" என்று பெரியவர்கள் சொல்வது இந்த 48 மணி நேரக் கணக்கைத்தான்.

ஹீமோகுளோபினைச் சாப்பிடும்போது ஹீம் என்ற கழிவு மிஞ்சும். அது ஒட்டுண்ணிக்கே விஷம். அதனால் அதைப் படிகமாக மாற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. குளோரோகுயின் மாத்திரை இந்த வேலையைத் தடுத்துவிடும். தன் குப்பையாலேயே ஒட்டுண்ணி சாகும்.

ஃபால்சிபாரம் இன்னும் ஆபத்தானது. அது புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலுக்குப் போனால் அங்கே வடிகட்டி அழித்துவிடும் என்பதால் தப்பிக்க இப்படி ஒரு வழி. மூளையின் ரத்தக்குழாய்களில் இது நடந்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் கட்டம்: கொசு

ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணிகளில் சில, பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டு ஆண், பெண் வடிவங்களாக மாறும். இவை நம் உடம்பில் எதுவும் செய்யாது. கொசு வந்து ரத்தம் குடிப்பதற்காகக் காத்திருக்கும். கொசுவின் வயிற்றுக்குள் போனதும், சூடு குறைந்ததை உணர்ந்து சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் அங்கே சேர்ந்து, வயிற்றுச் சுவரைத் துளைத்து, வெளிப்புறத்தில் கட்டி மாதிரி ஒட்டி வளரும். அந்தக் கட்டி உடைந்ததும் வரும் ஸ்போரோசோயிட்கள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேரும். வட்டம் முடிந்தது.

இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்த ரொனால்ட் ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்தபோது கண்டது இந்தக் கட்டிகளைத்தான். ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினமானது அப்படித்தான்.

இங்கே ஒரு கணக்கு இருக்கு. கொசுவுக்குள் நடக்கும் வேலைக்கு, வெப்பநிலையைப் பொறுத்து, சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். பல கொசுக்கள் அதுவரை உயிரோடு இருப்பதே இல்லை. அப்படியென்றால் மலேரியாவைப் பரப்புவது வயதான கொசுக்கள் மட்டுமே. எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாவிட்டாலும், அவற்றின் ஆயுளைச் சில நாள் குறைத்தாலே போதும், சங்கிலி அறுந்துவிடும். மருந்து தோய்த்த கொசுவலையும் சுவரில் அடிக்கும் மருந்தும் வேலை செய்வது இதனால்தான்.

படத்தில் பலர் கவனிக்காத கிளை

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். வைவாக்ஸ் கல்லீரலுக்குள் போகும்போது எல்லாமே உடனே பெருகுவதில்லை. சில அப்படியே தூங்கிவிடும். இந்த வடிவத்துக்கு ஹிப்னோசோயிட் என்று பெயர். 1980களின் தொடக்கத்தில்தான் இதை அடையாளம் கண்டார்கள். சில வாரங்களோ பல மாதங்களோ கழித்து அது விழித்துப் பெருக ஆரம்பிக்கும். புதுசா ஒரு கொசுகூடக் கடிக்காமலே மறுபடி மலேரியா!

குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், அதனால் காய்ச்சல் விடும். தூங்குபவனை அது தொடாது. ரத்தப் பரிசோதனையிலும் அவன் சிக்கமாட்டான். அவனை எழுப்பாமலே முடிக்கத்தான் பிரைமாக்குயின். இந்தியாவில் வைவாக்ஸுக்குத் தரும் அந்த 14 நாள் மாத்திரை இதுதான். மூணாம் நாள் நிறுத்தினால், வெளியே தெரிந்த எதிரியை அடித்துவிட்டு வீட்டுக்குள் ஒளிந்தவனை விட்டுவிட்ட கதை. ஒன்று மட்டும் கவனம்: ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு பிரைமாக்குயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும், கர்ப்பிணிகளுக்கும் தரமாட்டார்கள். அதனால் டாக்டரைக் கேட்காமல் போடவும் கூடாது, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

உடம்புக்குச் சொன்ன இந்தப் பாடம் ஒரு நாட்டுக்கும் பொருந்தும். இலங்கையில் 1963ல் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். ஒழிந்துவிட்டது என்று கண்காணிப்பு தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி பல ஆண்டுகள் விடாமல் உழைத்துத்தான் 2016ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் வாங்கினார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

சென்னை மாதிரி ஊர்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி, சாக்கடையைவிட நல்ல தண்ணீரைத்தான் தேடும். மாடித் தொட்டி, கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிய தண்ணீர் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். ஹாஸ்டல் மாடியில் மூடி இல்லாத டேங்க் இருந்தால் வார்டனிடம் சொல்லுங்க. குளிரோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுச் சமாளிக்காமல் ரத்தம் பரிசோதிங்க, எந்த வகை என்று கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

வைவாக்ஸ் என்று வந்து, உங்க ரூம்மேட் நாலாம் நாளே "எனக்கு சரியாயிடுச்சு மச்சான்" என்று மாத்திரை அட்டையைத் தூக்கிப்போட்டால், அதை எடுத்து அவன் கையில் திரும்பக் கொடுங்க. 14 நாளும் முடியணும்.