பகலில் பாடுவதும் இரவில் பறப்பதும்

ஸ்ரீமத் பாகவதத்தில் அவதூதர் ஒருவர் யது மன்னனிடம் தம்முடைய 24 குருமார்களைப் பற்றிக் கூறுகிறார். புறாவும் தேனீயும் மலைப்பாம்பும் அவர்களுள் உண்டு, வௌவால் இல்லை. ஆயினும் சாதகர் அதனிடமும் கற்கலாம்.

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் பகுதி மாந்தோப்புகளில் விடியும்போதே சின்னான் என்னும் கொண்டைக்குருவி பாடத் தொடங்கிவிடும். அதுவும் பழம் கொத்துவதே. எனினும் இனிய குரலுக்காக மன்னிக்கப்படுகிறது. இரவில் வரும் பழந்தின்னி வௌவாலுக்கோ வலையும் வெடியும்தான் வரவேற்பு.

இந்த விருப்பு வெறுப்பு எதில் முடியக்கூடும் என்பதைத் தமிழர் பலர் வாழும் மொரீஷியஸ் காட்டுகிறது. அங்கும் அண்டைத் தீவான ரீயூனியனிலும் சிறிய பழந்தின்னி வௌவால் இனம் ஒன்று வாழ்ந்தது. முதிய மரப்பொந்துகளில் அவை கூட்டமாக உறங்கும். குடியேறியவர்கள் இறைச்சிக்கும் கொழுப்புக்குமாக அவற்றைப் பிடித்தனர், காட்டையும் அழித்தனர். ரீயூனியனில் நெடுங்காலம் வாழ்ந்த லா நூ என்பவர், முன்பு மலிந்திருந்தவை அருகிவிட்டதை 1772ஆம் ஆண்டிலேயே கடிதத்தில் குறித்தார். 19ஆம் நூற்றாண்டில் அவ்வினமே அற்றுப்போயிற்று.

1892இல் செம்மீசைச் சின்னான் மொரீஷியஸுக்குக் கொண்டுவரப்பட்டது, வெகுவாகப் பெருகிற்று. அதுவும் விதை பரப்பும் உயிரே. ஆனால் அச்சிறு அலகுக்குள் நுழைவது சிறு விதைதான். எனவே அயலிலிருந்து வந்த களைச்செடிகள் பலவும் அதனால் காட்டினுள் பரவுகின்றன. பழந்தின்னி வௌவாலோ பழத்தை வாயில் கவ்விக்கொண்டு தொலைவு பறக்கும். கொட்டை பெரிதாயினும் தடையில்லை. பாடுபவனை அமர்த்திவிட்டால் சுமந்தவனின் பணி நடந்துவிடாது.

நம் நாட்டு இலுப்பையைப் பாருங்கள். அதன் மலரை நாடி இரவில் வருவதும், பழத்தைத் தின்று கொட்டையை வேறிடத்தில் போடுவதும் பழந்தின்னி வௌவால்களே. அந்தக் கொட்டையின் எண்ணெய்தான் தலைமுறை தலைமுறையாகக் கோயில் விளக்குகளில் எரிந்தது. தலைகீழாகத் தொங்குவதை அபசகுனம் என்று முகம் சுளித்தவர்களும் அவ்விளக்கின் முன்தான் கைகூப்பி நின்றார்கள்!

பிற உயிர்களுக்கு உணவளிக்கும் பூதயக்ஞத்தை இல்லறத்தானின் நித்திய கடமையாகச் சாத்திரம் விதிக்கிறது. அழகிய குரல் உடையவற்றுக்கு மட்டும் என்று அதில் விதி இல்லை. நம் வனவிலங்குச் சட்டமோ 1972இல் பழந்தின்னி வௌவாலை எலி, காகங்களோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை நீக்கிற்று. தமிழகத்தின் சில சிற்றூர்களில் சட்டத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. மரத்தில் உறங்கும் வௌவால்கள் மிரளக்கூடாதென்று அங்கே தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.