பழைய மோட்டார் வண்டியைப் பயிலும் முறை

ஒருவர் ஆண்ட பொருளை மற்றொருவர் விலைக்கு வாங்குதல் உலகில் என்றும் உள்ள வழக்கம். நிலம் வாங்கப் புகுந்த நம் தஞ்சை நாட்டு உழவர், அது வாய்க்காலின் தலைமடையில் உள்ளதா, கடைமடையில் உள்ளதா என்று முதற்கண் வினவுவர். மாடு வாங்கப் புகுந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழியை நோக்குவர், சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பர். ஆனால், ஐம்பது அறுபது ஆண்டு அகவை நிரம்பிய மோட்டார் வண்டியொன்றை ஆசை மேலீட்டால் வாங்குவோர் அத்துணைப் பொறுமை காட்டுவதில்லை. வாங்கிய மறுநாளே புதுவண்ணம் பூசவும், பழைய விளக்கைக் கழற்றிப் புதிய விளக்கைப் பொருத்தவும் விரைகின்றனர். அறிதலுக்கு முன்னரே திருத்துதல் தொடங்கிவிடுகின்றது. இம்முறை எவ்வாற்றான் பிழையுடைத்து என்பதையும், நேரிய முறை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனை விளக்க ஓர் உவமை அண்மையிலேயே உளது. 1855-ஆம் ஆண்டு பிறந்து, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். பல சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கிய பின்னரே அவர்கள் அச்சுக்குக் கொடுத்தார்கள். கைமாறி வரும் சுவடிக்கு மூவகைக் கேடு உண்டு: ஏடு செல்லரித்தல் ஒன்று, எழுதுவோர் பிழை ஒன்று, பிறர் பாட்டை இடையே நுழைத்தல் ஒன்று. பழைய வண்டிக்கும் இம்மூன்றும் உள. துருவே செல்லரித்தல், பழுது பார்த்தோர் செய்த தவறே எழுதுவோர் பிழை, முன்னை உடையவர் மாற்றி வைத்த உறுப்பே இடைச்செருகல். இவற்றைப் பிரித்தறியாமல் கைவைப்பவன் மூலத்தையே சிதைத்துவிடுவான்.

ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் வண்டி. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரயம்ப் நிறுவனத்தார் 1959-இல் வெளியிட்ட டிரயம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. சென்னைக்கு அணித்தாகிய வண்டலூரில் தொழிற்சாலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் 1961 முதல் இதனை இயற்றினர். இதன் உருவை வரைந்தவர் ஜோவான்னி மிக்கேலொட்டி என்னும் இத்தாலியர். 1962-இல் தோன்றி உலகப் புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் அமைப்பிலிருந்து கிளைத்ததே. அதன் உருவை வரைந்தவரும் அவரே. ஆகலின் ஹெரால்டைக் கற்றவன் ஸ்பிட்ஃபயரையும் பெரும்பான்மை கற்றவனாவான். நம் நாட்டிற் சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடைபெற்ற பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின என்பது அதன் குடிப்பிறப்புக்குச் சான்று.

இவ்வண்டியின் பிறப்பிலேயே ஒரு செய்தி அடங்கியுள்ளது. அக்காலத்துப் பிற நிறுவனத்தார் சட்டமும் உடலும் ஒன்றாகிய ஒரே கூட்டினை இயற்றத் தலைப்பட்டனர். ஸ்டாண்டர்டு-டிரயம்ப் நிறுவனத்தார்க்கோ, உடற்கூடு செய்து தந்த தொழிற்சாலை போட்டியாளர் கைக்கு மாறிவிட்டது. அதனால் சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தைத் தனியே இயற்றி, பல இடங்களிற் செய்த தகட்டுப் பகுதிகளை அதன்மேல் ஆணியிட்டு முடுக்கும் முறையைக் கைக்கொண்டனர். இம்முறை கடல் கடந்த நாடுகளில் வண்டியைப் பூட்டி உருவாக்குவதற்கும் ஏற்றதாயிற்று. இன்று அதனை வாங்குவோர்க்கு இதுவே பெரு நன்மை. சிதைந்த பகுதியை மட்டும் கழற்றலாம். முன்மூடியும் இருபுறத்துச் சக்கரக் கவிகைகளும் ஒரே தொகுதியாய் முன்னோக்கிச் சாய்தலால், எஞ்சின் மட்டுமன்றி முன்சக்கரத் தாங்கிகளும் வெட்டவெளிச்சமாய்த் தோன்றும். கற்பதற்கு இதனினும் எளிய வண்டி அரிது.

இனி, பயிலும் முறையைக் கூறுவாம்.

முதலாவது, ஏட்டைப் படித்தல். பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியிற் பொறித்துள்ள எண்களோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். இஃது உடைமையைப் பற்றிய அளவில் நிற்பதன்று. 2021-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிற் செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்ததும், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றிற் பெருமாற்றம் செய்யப்பெறாததுமாகிய வண்டியே பழம்பெரு வாகனமாகப் பதிவு பெறும். மூலபாடத்தைக் காத்தல் வேண்டுமென்று சட்டமே கூறுகின்றது என்க. அவ்வாறு பதிவு பெற்றவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கும் வாணிகத்துக்கும் ஓட்டுதல் ஆகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கே ஓட்டலாம். வாங்குவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

இரண்டாவது, கைவைக்கு முன் பதிவு செய்தல். ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வோர் உறுப்பின் நிலையையும் எழுதிப் படம் பிடித்துக்கொள்ளல் வேண்டும். முன்னை உடையவரையும், அவ்வண்டியை நெடுநாள் பழுது பார்த்த மெக்கானிக்கையும் கண்டு வினவுதல் மிக இன்றியமையாதது. எந்த ஆண்டு எஞ்சின் பிரிக்கப்பட்டது, எவ்வுறுப்பு எவ்வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது என்பன அவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் மறைந்தால் அவ்வுரையும் மறையும்.

மூன்றாவது, துருவை ஆராய்தல். காவிரிப் பாசன நாட்டில் இது தனியே கூறத்தக்கது. ஆற்றுப்படுகையின் களிமண் சக்கரக் கவிகைக்குள்ளும் சட்டத்தின் மூலைகளிலும் அப்பி, நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வாய்க்காற்கரைச் சாலைகளில் ஓடிய வண்டி உள்ளேயிருந்தே அரிக்கப்படும். நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் உடன் சேரும். ஹெரால்டின் அடிச்சட்டத்தினின்று பக்கவாட்டில் நீளும் கைகளும், பின்புறச் சட்டமும் முதலில் நலியும் இடங்கள். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும்; கெட்டது மொத்தென்னும். கதவிடுக்கு மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பின், சட்டம் வளைந்துள்ளது என்று ஐயுறுக. புதுவண்ணம் பூசிய வண்டியில் இச்சோதனையை இருமடங்கு கருத்தோடு செய்தல் வேண்டும்.

நான்காவது, முன்சக்கரத் தாங்கி. முன்சக்கரத்தைச் சுமக்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிப்பகுதி திருகு மரையாய் அமைந்து, டிரன்னியன் எனப்படும் செம்புக் கலவை உறுப்பினுள் இறங்கி நிற்கும். சக்கரத்தைத் திருப்புந்தோறும் அத்தண்டு மரையிற் சுழலும். இவ்விடத்திற்குக் கெட்டியான கியர் எண்ணெயே இடல் வேண்டும், கிரீஸ் ஆகாது. கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைத்துவிடும், நீர் புகுந்து தங்கும், எஃகு அரிக்கப்படும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்நோக்கி மடங்கும். எம் தாய்மாமன் அவர்கள் வாங்கிய ஹெரால்டு ஒன்றினை யாமும் அவர்களும் இவ்வாண்டு விடுமுறையில் ஆராய்ந்தோம். கண்ணாடி போல் மின்னும் செவ்வண்ணம் பூசப்பட்டிருந்த அவ்வண்டியின் இரு டிரன்னியன்களிலும், முன்னர் எவரோ அடைத்த கிரீஸ் கல்லாய் இறுகியிருந்தது. இடப்புறத் தண்டைக் கழற்றியபோது மரையின் வேரில் துரு ஆழப் பாய்ந்திருந்தது. மாமன் அவர்கள் அன்று மாலையே எம் அத்தையாரையும் சிறுவர்களையும் வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருந்தார்கள். அப்பயணம் பேருந்தில் நடைபெற்றது. வண்ணத்தைக் கண்டு மகிழ்ந்த கண் அத்தண்டைக் காணாதிருந்தால் நிகழ்ந்திருக்கக் கூடியதை ஈண்டு விரித்தல் வேண்டா.

ஐந்தாவது, நிறுத்தும் கருவி. அக்கால வண்டியாகிய ஹெரால்டில் நான்கு சக்கரத்தின் பிரேக்குக்கும் ஒரே திரவத் தொகுதி. ஓரிடத்துக் குழாய் ஒழுகினும் மிதிகட்டை முழுதும் பயனற்றுப்போம். கைப்பிரேக்கு ஒன்றே எஞ்சும். பிரேக் திரவமோ காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஈரம் ஏறியது சூட்டிற் கொதித்து வலுவிழக்கும். குழாயையும் உள்ளிருந்து அரிக்கும். ஆதலால் வாங்கியவுடன் திரவத்தை மாற்றி, ரப்பர்க் குழாய்களையும் புதுப்பித்தல் வேண்டும். டயரின் பக்கத்திற் பொறித்துள்ள நான்கு இலக்கத்தில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பூ அழியாத டயராயினும் ஆண்டு முதிர்ந்ததாயின் நம்பத்தக்கதன்று.

ஆறாவது, எஞ்சின். 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டரும் உடைய இவ்வெஞ்சின் எளிய அமைப்பினது. ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன்புறத்துக் கப்பியை நோக்குக. அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிய அசையுமாயின், உள்ளிருக்கும் தடுப்பு வளையங்கள் தேய்ந்தன; அந்நிலையில் ஓட்டுதல் எஞ்சினையே அழிக்கும். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும்; பின்வந்தோர் மாற்றியிருத்தலும் கூடும். இதனை அறியாது பாட்டரியைப் பூட்டுதல் தீங்கு. அறுவடைக்குப் பின் வயலெலிகள் கொட்டகையிற் புகுந்து மின்கம்பியைக் கடித்தலும் நம் ஊர்களிற் காணும் செய்தியே. இன்று விற்கப்பெறும் பெட்ரோலில் இருபது விழுக்காடு வரை எத்தனால் கலத்தலால், பழைய ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் ஊறிக் கெடும். எத்தனாலைத் தாங்குவனவற்றை மாற்றி இடல் வேண்டும்.

ஏழாவது, ஓட்டிப் பழகுதல். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சுத்தண்டில் அமைந்தவை. வளைவில் விரைந்து புகுந்து, இடையே திடீரென வேகத்தை விட்டால், வண்டியின் பின்புறம் எழும்பிச் சக்கரம் உட்சாயும், வண்டி வழுக்கும். வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக்கரை போன்ற குறுகிய சாலைகளில் ஒருபுறம் ஆறும் ஒருபுறம் பள்ள வயலும் இருத்தலை நினைவிற் கொள்க. வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, பின் சீராகச் செல்வதே முறை. சாலையில் நெல்லும் வைக்கோலும் உலர்த்தும் காலத்தில், தாழ்ந்த இவ்வண்டியை அவற்றின்மேல் ஓட்டலாகாது. சூடான புகைக்குழாயில் வைக்கோல் சிக்கித் தீப்பற்றும்.

இவ்வளவும் அறிந்த பின்னரே திருத்துதலைப் பற்றி எண்ணத்தகும். பின்வந்த மாற்றம் யாவும் இழிந்தன என்பது எம் கருத்தன்று. ஹெரால்டின் வழித்தோன்றலாக இந்நிறுவனத்தார் பின்னர் வெளியிட்ட கஜேல் என்னும் வண்டியில், ஊசலாடும் அச்சை நீக்கி ஒரே கட்டான பின்னச்சைத் தாமே அமைத்தனர். நூலாசிரியரே செய்த திருத்தம் போல்வது அது. இருக்கைப் பட்டியும், மின்கம்பிக்குக் காவலாகும் ஃபியூசும் சேர்த்தல் உயிர்காக்கும் உரைக்குறிப்புப் போல்வன. ஆயினும் இரண்டு நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்: செய்த மாற்றத்தை மீட்டும் நீக்கத்தக்கதாய்ச் செய்தல், செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல். கழற்றிய பழைய உறுப்பை எடைக்குப் போடாது துடைத்து எண்ணெயிட்டு வைத்தல் அவற்றோடு ஒட்டியது. முன்னை நாளிற் பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காட்டிய பதிப்பாசிரியர் நமக்குக் கற்பித்த நேர்மை இதுவே.

ஆயின் ஓரிடத்தில் உவமை பொருந்தாது என்பதையும் கூறல் வேண்டும். சுவடியில் ஐயமுள்ள சொல்லை ஐயமாகவே விட்டு வைக்கலாம்; பத்தாண்டு கழித்தும் தீர்க்கலாம். பிரேக்கிலும் டிரன்னியனிலும் டயரிலும் ஐயத்தை விட்டு வைத்தல் ஆகாது. அவற்றிற் பிழைபட்டால் இழப்பது பொருளன்று. வண்டியிலுள்ளோர் உயிரும், வழியிற் செல்வோர் உயிருமாம். ஆகவே உயிரைச் சார்ந்தவற்றில் விரைவும், அழகைச் சார்ந்தவற்றிற் பொறுமையும் வேண்டும். உலகில் பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

நம் கையில் உள்ள பொருள்களுக்கு நாம் உடையவரல்லேம், உக்கிராணக்காரரே என்று திருமறை வழியே கற்றுள்ளோம். நமக்கு முன் ஒருவர் அவ்வண்டியைப் பேணினார். நமக்குப் பின் ஒருவர் பேணுவார். இடையில் நிற்கும் நாம் அதனை அறிந்து, பிறர்க்கு ஊறு நேராமற் காத்து, அறிந்ததை எழுதி ஒப்படைத்தல் கடன். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இவ்வண்டிகளைத் தம் விரலால் அறிந்த முதிய மெக்கானிக்குகள் இன்றும் உளர். நம் கல்லூரி நண்பர்கள் விடுமுறை நாட்களில் அவர்களைக் கண்டு, அவர்கள் கூறுவதைத் தமிழில் எழுதி வைப்பாராயின், அது மொழிக்கும் தொழிற்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.